மிஸ்ஸியம்மாவின் கேக்கும் இருபத்து மூன்று குற்றவாளிகளும்

எங்கள் சபையில் ஞாயிறு வகுப்பு எடுக்கும் இளம்பெண்கள் இருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகளைக் கிறிஸ்தவ நற்குணத்தில் வளர்ப்பது எப்படி என்று சபைச் சஞ்சிகைக்கு நான் எழுதித் தர வேண்டுமாம். "பத்துக் குறிப்பா எழுதிக் குடுங்க டீச்சர், வாசிக்க லேசா இருக்கும்" என்றாள் ஒருத்தி. பெண்பிள்ளைகள் விடுதியில் பதினாறு வருஷம் மேட்ரனாக இருந்தவளுக்குப் பத்துக் குறிப்பு எழுதுவது பெரிய காரியமா என்பது அவர்கள் எண்ணம். இரண்டு நாள் பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் குறிப்பே நகரவில்லை. திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது ஒரு கேக்தான். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். குறிப்பு வேண்டியவர்கள் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

என் அப்பா இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சபை உபதேசியார். நான் எட்டாவது முடித்து, சில வருஷம் வீட்டில் இருந்து, பிறகு இரண்டு வருஷம் பயிற்சி எடுத்து, சுதந்திரம் கிடைத்த அடுத்த வருஷம் கொட்டகலைக்குப் பக்கத்தில் இருந்த மிஷன் விடுதிக்கு வேலைக்குப் போனேன். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். சுற்றிலும் தேயிலை. மழை பிடித்தால் கூரைச் சத்தத்தில் ஜெபம் பண்ணுகிறவர் வாய் அசைவதை மட்டும்தான் பார்க்கலாம். ஆமென் எப்போது சொல்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். தோட்டங்களிலிருந்து வந்து தங்கிப் படித்த பிள்ளைகள் இருபத்தாறு பேர். சமையலுக்கு எஸ்தர்க்கா. எல்லாருக்கும் மேலே மிஸ்ஸியம்மா.

மிஸ்ஸியம்மா இங்கிலாந்துக்காரர். உயரம் ஆறடிக்கு ஓரிரு அங்குலம்தான் குறைவு. கல்யாணம் ஆகாதவர். தென்னிந்தியாவில் ஒரு வயதான பண்டிதரிடம் ஐந்து வருஷம் தமிழ் படித்துவிட்டு இங்கே வந்தார். அந்தப் பண்டிதர் அவருக்கு இலக்கணம் முழுவதையும் கற்பித்திருந்தார், பேசுவதை மட்டும் விட்டுவிட்டார். நான் வேலைக்குப் போன முதல் நாள், "நீர் வந்தது நலமே. அமரும்" என்றார். என்னை வேறு யாரோ என்று நினைத்துப் பேசுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எஸ்தர்க்காவைக் கூப்பிட்டு, "இக்கறியில் உவர்ப்பு மிகுதி" என்றார். எஸ்தர்க்கா பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தாள்.

"டீச்சர், மிஸ்ஸியம்மாவுக்கு என்னமோ நோவு வந்திருக்குங்க. பேரு சொன்னாங்க, எனக்கு வாயில நுழையல."

"நோவு இல்லக்கா. கறியில உப்பு கூடிப்போச்சாம்."

"அம்புட்டுத்தானா? அத தமிழ்ல சொல்லக்கூடாதா?"

ஆனால் பிள்ளை வளர்ப்பில் மிஸ்ஸியம்மாவுக்கு ஒரு தெளிவு இருந்தது. விடுதியில் பிரம்பு கிடையாது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு விடுதியை நான் கேள்விப்பட்டதே இல்லை. உண்மை சொன்ன பிள்ளையை அடித்தால், அது அடுத்த தடவை பொய் சொல்லப் பழகிவிடும் என்பார். ஆண்டவர் நம்மை மன்னிக்கிறார், ஆகவே நாமும் மன்னிக்க வேண்டும். ஆனால் பிழை செய்தவர் முதலில் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கென்று சனிக்கிழமை மூன்று மணியை ஒதுக்கி வைத்திருந்தார்.

அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு அறையில் பிள்ளைகள் வரிசையாக உட்காருவார்கள். நடுவில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருப்போம். தப்புச் செய்தவள் அதன்மேல் ஏறி நின்று மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். நான் என்ன செய்தேன். அதனால் யாருக்குக் கஷ்டம். அதைச் சரி பண்ண என்ன செய்யப் போகிறேன். நாலாவது வாக்கியத்துக்கு அனுமதி இல்லை, ஏனென்றால் நாலாவது வாக்கியத்தில்தான் சாக்குப்போக்கு வரும் என்பது மிஸ்ஸியம்மாவின் அனுபவம். மூன்றும் சொல்லி முடித்ததும் எல்லாரும் சேர்ந்து "மன்னித்தோம்" என்போம். இறங்கும்போது மிஸ்ஸியம்மா அவள் கையில் ஒரு மாரி பிஸ்கட் வைப்பார். உண்மை சொன்ன நாவுக்கு இனிப்பு.

இதில் உள்ள ஓட்டை உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்கு மூன்றாவது வாரமே தெரிந்தது. பிஸ்கட் என்றால் பிள்ளைகள் உயிரை விடுவார்கள். தப்புச் செய்யாதவளுக்குப் பிஸ்கட் கிடையாது. ஆகவே பிள்ளைகள் வெள்ளிக்கிழமையே உட்கார்ந்து பாவங்களைத் தயார் பண்ண ஆரம்பித்தார்கள். நல்ல பாவம் அகப்படாதவள் அடுத்தவளிடம் கடன் கேட்பாள். விடுதியிலேயே சிறியவள் தங்கம், ஏழு வயது, முன்பல் இரண்டும் விழுந்தவள். அவள் ஒரு சனிக்கிழமை பெட்டியில் ஏறி, "நா கொட்டகலை டேசன் மணியத் திருடிட்டேன்" என்றாள்.

மிஸ்ஸியம்மா முகம் மாறவில்லை. "அம்மணி எங்கே?" என்று கேட்டார். அந்த மணி எங்கே என்பதைப் பண்டிதர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

தங்கம் முழித்தாள். "எந்த அம்மணிங்க?"

"நீ எடுத்த அம்மணி."

"நா அம்மணியெல்லாம் எடுக்கலங்க. மணிதான் எடுத்தேன்!"

அன்றைக்கும் அவளுக்குப் பிஸ்கட் கிடைத்தது. பிள்ளை மணியைத் திருடவில்லை என்று மிஸ்ஸியம்மாவுக்குத் தெரியாதா என்று நான் பிறகு கேட்டேன். "அறிவேன்" என்றார். "எனினும் பொய்யர் என்று ஒரு குழந்தையை அழைக்க எனக்கு நா எழவில்லை."

இருபத்தாறு பேரில் ஒருத்தி மட்டும் அந்தப் பெட்டியில் ஏறியதே கிடையாது. லில்லி. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, பதின்மூன்று வயது. அப்பா யோசேப்பு தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். லில்லி அதிகம் பேசமாட்டாள். கூட்டுவாள், சின்னப் பிள்ளைகளுக்குத் தலை சீவுவாள், பாடத்தில் முதலாவதாக வருவாள். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள். நாலு வருஷம் அப்படி. இந்தப் பிள்ளைக்கு அகம்பாவம் என்று நான் மிஸ்ஸியம்மாவிடம் சொன்னதுண்டு. தன் தப்பை உணராத பிள்ளையை எப்படித் திருத்துவது என்றுகூடக் கேட்டேன்.

இனி கேக்குக்கு வருகிறேன்.

மிஸ்ஸியம்மா வருஷாவருஷம் ஐப்பசியிலேயே கிறிஸ்மஸ் கேக்கைச் சுட்டுவிடுவார். அவருடைய தாயார் சொல்லிக்கொடுத்த முறை. வற்றல் பழம் போட்டு, கறுப்பாக, தலையணை உயரத்துக்கு. நான் சேர்ந்த நாலாவது வருஷம், முதல் தடவையாக அதைக் காகிதத்தில் சுற்றித் தகர டின்னில் அடைத்து என் சாமான் அறையில் வைத்தார். அந்த அறைக்குச் சாவி ஒன்றே ஒன்று. அது என் இடுப்பில். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்து டின்னைத் திறந்து, கேக்கின் மேலே ஊசியால் குத்தி, இருமல் மருந்துச் சீசா ஒன்றிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ விடுவார். என்னங்க அது என்று கேட்டேன். "கேக்கிற்கு ஔஷதம்" என்றார்.

அந்த வாசனையை எப்படி எழுதுவது? காலை பத்து மணி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மிஸ்ஸியம்மா தோட்டங்களுக்குப் போய்விட்டார். வெளியே பனிமூட்டம், மழை, குளிர். அரிசி அளக்க அறையைத் திறந்தால் அந்த வாசனை என் முழங்கையைப் பிடித்து இழுக்கும். முதல் வாரம் டின்னைத் திறந்து மோந்து பார்த்தேன், அவ்வளவுதான். இரண்டாம் வாரம், கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது மேட்ரனின் கடமை என்று எனக்குத் தோன்றியது. மேலே கை வைத்தால் தெரிந்துவிடும். ஆகவே கேக்கைக் கவனமாகப் புரட்டி, அடியில் ஒரு தேக்கரண்டி சுரண்டி எடுத்தேன்.

என் வாழ்க்கையில் அப்படி ஒன்றைச் சாப்பிட்டதில்லை. தொண்டையில் இறங்கும்போதே உடம்பெல்லாம் கதகதவென்று ஆகிவிட்டது. அன்று முழுவதும் யார்மேலும் கோபம் வரவில்லை. பிள்ளைகளே கேட்டார்கள், "மேட்ரனம்மா, இன்னைக்கு என்னா பாட்டெல்லாம் பாடுறீங்க?"

ஒரு நாளைக்கு ஒரு கரண்டி. சில நாள் இரண்டு. காலை ஜெபத்தில் பிள்ளைகளுக்குக் களவு கூடாது என்று போதிப்பேன், பத்து மணிக்குச் சாவியை எடுப்பேன். மார்கழி பிறந்தபோது கேக்கின் வெளிச்சுவர் மட்டும் இருந்தது. உள்ளே கைப்பந்து ஒன்றை வைக்கலாம். மேலே வெள்ளைச் சர்க்கரை பூச மிஸ்ஸியம்மா கேக்கைக் கேட்டபோது, "நீங்க தூக்காதீங்க, நாந் தூக்குறேன்" என்று நானே தட்டில் எடுத்து வைத்தேன். "உம்முடைய உதவி மனப்பான்மை என்னை நெகிழ்விக்கிறது" என்றார் அவர்.

பிள்ளைகள் திங்கட்கிழமை விடுமுறைக்குப் போக வேண்டும். சனிக்கிழமை கிறிஸ்மஸ் தேநீர். பக்கத்துத் தோட்டத்துத் துரையும் துரைசாணியும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் பாடினார்கள். நான் பின்னால் நின்று, ஆண்டவரே இந்தக் கேக்கை வெட்டாமல் எல்லாரும் வீட்டுக்குப் போகும்படி ஏதாவது அற்புதம் செய்யும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். செய்யவில்லை. துரை கத்தியை வாங்கி நடுவில் அழுத்தினார். கேக் பொசுக்கென்று உள்வாங்கியது. துரையின் கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போய்விட்டது. துரை கையை வெளியே எடுத்து, அதில் ஒட்டியிருந்த சர்க்கரையை மரியாதைக்கு நக்கிப் பார்த்து, மிகவும் நன்றாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நல்ல மனுஷர்.

விருந்தாளிகள் போனதும் தேயிலைப் பெட்டி வந்தது. மிஸ்ஸியம்மாவின் முகம் வெளுத்திருந்தது. "இதைச் செய்தவர் ஏறுக" என்றார்.

நான் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. வீட்டில் என் அம்மா படுத்த படுக்கையாக என் சம்பளத்தை நம்பி இருந்தார். களவுக்காக ஒரு மிஷனில் வேலையைவிட்டு நீக்கப்பட்டவளுக்கு வேறு எந்த மிஷனில் வேலை? இப்படி எனக்குள் நாலாவது வாக்கியம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கம் எழுந்தாள். "நாந்தான் தின்னேன்." அவள் இறங்குவதற்குள் ரோசலின் எழுந்தாள். அப்புறம் வரிசையாக. ஒருத்தி கரண்டியால் தின்றேன் என்றாள், ஒருத்தி பல் பிரஷ்ஷால் என்றாள், இன்னொருத்தி எலியோடு சேர்ந்து தின்றேன் என்றாள். இருபத்து மூன்று பேர். மிச்சம் மூன்று பேரில் இருவர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். மூன்றாவது லில்லி.

அன்றைக்கு யாருக்கும் பிஸ்கட் கிடைக்கவில்லை. "மெய்யைக் கேட்டேன். இருபத்து மூன்று பொய் கிடைத்தது" என்றார் மிஸ்ஸியம்மா. "மெய் வெளிப்படும்வரை ஒருவரும் வீடு செல்லலாகாது."

ஞாயிற்றுக்கிழமை அந்த விடுதி விடுதியாக இல்லை. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி சந்தேகப்பட்டு, முடியைப் பிடித்து இழுத்து, அழுதார்கள். தங்கம் தன் சின்னத் துணி மூட்டையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிட மறுத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் சோறு இறங்கவில்லை. அப்போதும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் தகப்பன்மார் வந்துவிட்டார்கள். மழையில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். யோசேப்பு எல்லாருக்கும் முன்னால் நின்றார். மிஸ்ஸியம்மா அவர்களிடம் காரணத்தைச் செந்தமிழில் விளக்க, அவர்களுக்கு ஒன்றும் புரியாமல், "ரயிலு போயிருமுங்க" என்றார்கள்.

அப்போது லில்லி பெட்டியில் ஏறினாள்.

"நாந்தான் தின்னேங்க. எல்லாருக்கும் கஷ்டம். அவங்க வீட்டுக்குப் போகட்டும், நா இங்கேயே இருக்கேன்." சரியாக மூன்று வாக்கியம்.

"அறை பூட்டியிருந்ததே?" என்றார் மிஸ்ஸியம்மா.

"சன்னல் வழியாப் போனேங்க."

"அவ்வறைக்குச் சாளரம் இல்லை."

லில்லி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுக்குத் தெரியும். எத்தனையோ நாளாகத் தெரியும். "அப்ப கதவு வழியாத்தாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமே இல்லாத பிள்ளை.

யோசேப்பு கம்பளியை உதறிவிட்டு உள்ளே வந்தார். "எம் மானத்த வாங்கிட்டியேடி! களவாங்கவா ஒன்ன இங்க அனுப்பினேன்?" கை ஓங்கிவிட்டது.

"யோசேப்பு, அடிக்காதீங்க!" என்று நான் கத்தினேன். "நாந்தான் தின்னேன்."

கை அப்படியே நின்றது. நான் லில்லியை இறக்கிவிட்டுப் பெட்டியில் ஏறினேன். இரண்டு மாதம் கேக் தின்ற உடம்பு. பெட்டி பயங்கரமாக முனகியது. "ரெண்டு மாசமா தினமும் களவெடுத்துத் தின்னேன். மிஸ்ஸியம்மாவுக்கும் இந்தப் பிள்ளைங்க எல்லாருக்கும் கஷ்டம், லில்லிக்குத்தான் ரொம்ப." மூன்றாவது வாக்கியம் வரவில்லை. சரி பண்ண என்ன இருக்கிறது? "என்ன செய்யச் சொன்னாலும் செய்றேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

யாரும் "மன்னித்தோம்" சொல்லவில்லை. எஸ்தர்க்கா சமையலறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தங்கம் மட்டும் பக்கத்திலிருந்தவளிடம் சத்தமாகக் கேட்டாள். "மேட்ரனம்மாவுக்குப் பிஸ்கட்டு உண்டா?"

மிஸ்ஸியம்மா என் பக்கம் திரும்பினார். "இறங்கும்" என்றார். வேலை போயிற்று என்று இறங்கினேன். அவர் தன் நீளப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டியில் ஏறினார். தலை விளக்கில் இடித்தது.

"அந்தக் கேக்கில் பிராந்தி இருந்தது" என்றார்.

பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. முற்றத்தில் நின்ற தகப்பன்மாருக்கு அந்த ஒரு சொல் நன்றாக விளங்கியது. எல்லாரும் வாசலுக்கு நெருங்கி வந்தார்கள். தோட்டத்துக் குடியிருப்புகளுக்கு, லயம் லயமாகப் போய்க் குடியை விடச் சொல்லிக் கூட்டம் போட்டவர், எத்தனையோ பேரிடம் சத்தியம் வாங்கியவர் மிஸ்ஸியம்மா. யோசேப்பும் அவரிடம் சத்தியம் பண்ணிக் கொடுத்தவர்தான்.

"என் தாயாரின் முறை. இருமல் மருந்துச் சீசாவில் ஒளித்து வைத்தேன். உங்களுக்கு ஒன்று கூறி, நான் வேறொன்று செய்தேன்." யோசேப்பின் பக்கம் திரும்பினார். "இக்குழந்தைகளை வீட்டிற்கு அனுப்பமாட்டேன் என்றதும் பிழை. என்..." தமிழ் தடுமாறியது. நான் அறிந்து அதுதான் முதல் தடவை. பண்டிதர் சொல்லிக்கொடுக்காத இடம் போலிருக்கிறது. "மன்னிச்சிருங்க" என்றார், அச்சு அசல் எஸ்தர்க்கா மாதிரி.

யோசேப்பு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மிஸ்ஸியம்மா, சத்தியம் பண்ணதுலேர்ந்து நா தொடலீங்க."

"நல்லது, யோசேப்பு."

"அந்தக் கேக்கு... மிச்சம் ஏதும் இருக்குங்களா?"

லில்லி தகப்பனை முறைத்த முறைப்பில் அவர் மறுபடி கம்பளிக்குள் போய்விட்டார். அதற்குள் எஸ்தர்க்கா சிரித்துவிட்டாள். அப்புறம் தகப்பன்மார், பிள்ளைகள், கடைசியில் பெட்டிமேல் நின்றபடியே மிஸ்ஸியம்மா. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆறடி உயரத்திலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. தங்கம்தான், "மன்னிச்சிட்டோம், எறங்குங்க மிஸ்ஸியம்மா, ரயிலு போயிரும்" என்றாள்.

என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் என் மூன்றாவது வாக்கியத்தை அவரே எழுதிக் கொடுத்தார். கொட்டகலை ஸ்டேஷன் வரைக்கும் மழையில் பிள்ளைகளோடு நடந்து, ஒவ்வொரு தகப்பனிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் துரை பங்களாவுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். துரை சிரித்தார். துரைசாணி, கேக் செய்முறை கிடைக்குமா என்று கேட்டார்.

விடுமுறை முடிந்து பிள்ளைகள் வந்ததும், லில்லி சொன்ன பொய்யை என்ன செய்வது என்ற சிக்கல் மிஸ்ஸியம்மாவுக்கு. அன்பினால் சொன்னாலும் பொய் பொய்தான் என்று கடைசியில் முடிவு செய்து அவளைப் பெட்டியில் ஏற்றினார். லில்லி மூன்று வாக்கியமும் சொன்னாள், மன்னித்தோம். பிஸ்கட்டை நீட்டியபோது கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க மிஸ்ஸியம்மா. எனக்கு மாரி பிஸ்கட்டு புடிக்காது."

"எப்பொழுதும் பிடிக்காதா?"

"ஆமாங்க. அதனாலதான் இம்புட்டு நாளா ஏறல. தப்புச் செஞ்சா, செஞ்சவங்ககிட்டயே போயிச் சொல்லிருவேன்."

நாலு வருஷம் நான் அகம்பாவம் என்று சொன்னது இதைத்தான். அன்றோடு பிஸ்கட் நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் கொஞ்ச நாள் துக்கம் காத்தார்கள். அதற்குப் பிறகு ஒருத்தியும் ஸ்டேஷன் மணியைத் திருடவில்லை.

சனிக்கிழமை மூன்று மணி மட்டும் நான் அந்த விடுதியை விட்டுப் போகும்வரை நடந்தது. ஆனால் வரிசை மாறிவிட்டது. முதலில் மிஸ்ஸியம்மா ஏறுவார், அடுத்து நான், பிறகு எஸ்தர்க்கா, கடைசியில்தான் பிள்ளைகள். ஆரம்பத்தில் எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது என்று நினைத்தோம். ஒரு வாரம் உள்ளபடி யோசித்துப் பார்த்தால், வளர்ந்தவர்களுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. எங்கள் மூன்று பேருடைய முறை முடிவதற்குள் பெரும்பாலும் நாலு மணி அடித்துவிடும். பிள்ளைகளுக்கு நேரமே கிடைப்பதில்லை.